நேரம் தவறி வந்த கோள்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆனி மாதக் காலையில் எனக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. கூட்டுறவுப் பண்டகசாலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மகன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்த் தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் படுக்க வைத்தான். மெலிந்த, கறுத்த, நாற்பதை நெருங்கும் ஒரு பெண் என் கை கால்களில் கிளிப் மாட்டி, நெஞ்சில் ரப்பர் குமிழ்களை ஒட்டினாள். இயந்திரம் கிர்ரென்று தாளைத் துப்பியது. தாளின் தலைப்பில் 'இயல்பானதல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. படுத்துக்கொண்டே தலைகீழாகப் படித்தாலும் அது எனக்கு விளங்கிவிட்டது.

"போச்சா?" என்றேன்.

"என்னத்த போச்சு? மிஷின் சொல்லுதத விடுங்க அண்ணாச்சி. இது உங்க நெஞ்சு இல்ல, உங்க கை. கிடந்து நடுங்குது பாருங்க."

என் கையை இரண்டு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுக்கம் நின்றதும் மறுபடி எடுத்தாள். இந்த முறையும் இயந்திரம் அதே வரியைத்தான் அச்சடித்தது. அவள் பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு டாக்டரிடம் கொண்டுபோனாள். "அச்சுல வந்தத அடிக்க நீ யாரும்மா?" என்று டாக்டர் சத்தம் போட்டது எனக்கு உள்ளே கேட்டது. பிறகு சத்தம் அடங்கியது. வாய்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து என்னை அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பெண்தான் சுகிர்தம். அதன் பிறகு அவளைப் பலமுறை பார்த்துப் பேசியிருக்கிறேன். அவளும், வரவேற்பில் உட்காரும் ஹுஸ்னாவும், சுகிர்தத்தின் கணவர் எபனேசரும் அவ்வப்போது சொன்னதை ஒன்றாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சுகிர்தம் பிறந்தது கீழப்பாவூரில். அம்மா பீடி சுற்றினாள். சுற்றிய கட்டுகளைக் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே தரம் பார்க்கிறவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, பிடிக்காததைக் 'கழிவு' என்று கூடையில் எறிவார். எறிந்தால் எறிந்ததுதான். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பன்னிரண்டு வயதில் சுகிர்தம் கேட்டாள். "இதுல என்ன குறைன்னு காட்டுங்க." அவர் சிரித்தார். அவள் கூடைக்குள் கையை விட்டு அவர் எறிந்த கட்டை எடுத்து, அவர் ஏற்றுக்கொண்ட கட்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் பிரித்துப் பரப்பினாள். வித்தியாசம் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்தக் கட்டு கூடையிலிருந்து திரும்பி வந்தது. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அம்மா அவளைக் கடைக்குக் கூட்டிப்போகவில்லை. இவள் வந்தால் வேலையே போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம்.

பிளஸ் டூ முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு வருஷம் ஈசிஜி டெக்னீஷியன் படிப்புப் படித்தாள். அதற்குப் பிறகு டாக்டர் சிவனணைந்தபெருமாளின் ஸ்கேன் சென்டரில் வேலை. பத்தொன்பது வருஷமாகக் காலை எட்டு மணிக்கு அந்த ஷட்டரைத் திறப்பவள் அவள்தான். எபனேசர் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு வேன் ஓட்டுகிறார். ஒரே மகள் நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். ஒரு நாளைக்கு இருபது பேர் என்று வைத்துக்கொண்டாலும் அவள் இதுவரை ஒரு லட்சம் பேரின் நெஞ்சுத் துடிப்பைக் கோடாகப் பார்த்திருப்பாள். குற்றால சீசனில் இன்னும் அதிகம். அருவியில் வழுக்கி விழுந்தவர், தண்ணீர் தலையில் விழுந்ததும் படபடப்பு வந்தவர், குடித்துவிட்டு வந்து படுத்தவர் என்று ஈரத் துண்டோடு வரிசையில் நிற்பார்கள்.

நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன அந்த வருஷம், தை மாதத்தில் ஒரு நாள், ஹுஸ்னா வாங்கி வந்த வடையைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் ஒரு படத்தைப் பார்த்தாள் சுகிர்தம். நீளமாக ஒரு கோடு, நடுவில் ஒரு சின்னப் பள்ளம்.

"இது யாருக்குட்டி எடுத்தது? வோல்டேஜே இல்லையே, கோடு எழும்பவே இல்ல," என்று எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டுப் படித்தாள்.

அது ஒரு நட்சத்திரத்தின் கோடு. நம் சூரியனைச் சுற்றிப் பூமி ஓடுவதுபோல அந்த நட்சத்திரத்தையும் ஒரு கோள் சுற்றுகிறது. அந்தக் கோள் நமக்கும் நட்சத்திரத்துக்கும் குறுக்கே வரும்போது நட்சத்திரத்தின் ஒளி ஒரு துளி குறைகிறது. சில மணி நேரத்தில் கோள் கடந்து போனதும் ஒளி பழையபடி ஆகிவிடுகிறது. அந்தக் குறைவுதான் பள்ளம். விண்வெளியில் சுற்றிய ஒரு தொலைநோக்கி நாலு வருஷம் வானத்தின் ஒரே மூலையைப் பார்த்து, லட்சத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் ஒளியை அரை மணிக்கு ஒருமுறை குறித்து வைத்திருக்கிறது. தொலைநோக்கி இப்போது ஓய்ந்துவிட்டது. குறிப்புகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர்கள் அவற்றை அலசிவிட்டன. அவை தவறவிட்டதை மனிதக் கண்ணால் தேட யார் வேண்டுமானாலும் உதவலாம் என்று ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுத்திருந்தார்கள்.

"அதாவது, நட்சத்திரத்துக்கு ஈசிஜி," என்றாள் ஹுஸ்னாவிடம்.

மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை சென்டரில் ஈ காக்கை வராது. வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டரில் அவள் கோடுகளைப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு நட்சத்திரத்தின் மூன்று மாதக் கோடு வரும். பள்ளம் இருந்தால் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தது. அதுவரை அவள் வானத்தை நின்று பார்த்தவளே இல்லை. இப்போதும் பார்க்கவில்லை. பட்டப்பகலில், ஃபேனுக்கு அடியில், நாலே மாதத்தில் மூவாயிரம் நட்சத்திரங்களைப் பார்த்து முடித்தாள்.

அப்போதுதான் அது வந்தது. ஆயிரத்தில் இரண்டு பங்கு ஆழம், எட்டு மணி நேர அகலம், அடி தட்டையான ஒரு பள்ளம். அந்த நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது, நீளமான ஓர் எண்தான். தூரம் இரண்டாயிரம் ஒளியாண்டு. சுகிர்தம் அந்த எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, அதே நட்சத்திரத்தின் நாலு வருஷக் கோட்டையும் தேடி எடுத்தாள்.

திரையில் பார்ப்பது அவளுக்குத் திருப்தியாக இல்லை. தாளில் பார்த்துப் பழகிய கண். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் மொத்தத்தையும் அச்செடுத்தாள். நூற்று நாற்பத்தாறு தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எபனேசர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மைதா பசையால் ஒன்றோடொன்று ஒட்டி, சேலைக்கடையில் வாங்கி வந்த அட்டைக் குழாயில் சுற்றினாள்.

"எவ்வளவு நீளம்டி வரும் இது?" என்றார் எபனேசர்.

"நாலு வருஷ நீளம்."

பிறகு, ஈசிஜி தாளில் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி அளக்கிற டிவைடரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒரு மாதம் உட்கார்ந்திருந்தாள். பதினோரு பள்ளங்கள் கிடைத்தன. எல்லாம் ஒரே ஆழம், ஒரே அகலம். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே நூற்று முப்பது நாள் என்றால் எல்லா இடத்திலும் நூற்று முப்பது நாள் இருக்க வேண்டும். இங்கே சில பள்ளங்கள் அரை நாள் முந்தின. சில முக்கால் நாள் பிந்தின.

அந்த இணையதளத்தின் விவாதப் பக்கத்தில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பதினொன்றையும் தேதி வாரியாக எழுதிப் போட்டாள். இரண்டு நாளில் பதில் வந்தது. பக்கத்தை மேற்பார்வை பார்க்கிறவர் எழுதியிருந்தார்: இந்த நட்சத்திரத்தைக் கம்ப்யூட்டர் ஏற்கெனவே சோதித்துவிட்டது, கோள் எதுவும் இல்லை. கோள் என்றால் கடிகாரம் மாதிரி வரும், இப்படி நேரம் தவறி வராது. இவை கருவியின் கோளாறாக இருக்கலாம். மனம் தளராமல் அடுத்ததைப் பாருங்கள். இதற்குக் கீழே யாரும் பதில் எழுத முடியாதபடி பூட்டியும் விட்டார்.

சுகிர்தம் புதிதாக ஒரு பதிவு போட்டாள். "நான் இதயத் துடிப்பைப் பார்க்கிறவள். ஒரு துடிப்பு தாமதமாக வந்தால் அதை வேறு ஆளின் இதயம் என்று சொல்வீர்களா? கருவிக் கோளாறு எனக்குத் தெரியும். நோயாளி அசைந்தால் வரும், ஃபேன் காற்றில் வரும், லீட் ஒயர் கழன்றால் வரும். அது ஒரு தடவை வந்த மாதிரி இன்னொரு தடவை வராது. இவை பதினொன்றும் ஒன்றுபோல இருக்கின்றன."

அதையும் பூட்டினார்கள். மூன்றாவதாக, பதினொன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிப் படமெடுத்துப் போட்டாள். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் கணக்கு முடக்கப்படும் என்று எச்சரிக்கை வந்தது.

"விடுங்கக்கா, அம்புட்டுப் படிச்சவங்க தப்பாவா சொல்லுவாங்க?" என்றாள் ஹுஸ்னா.

"அவங்க சொல்லலட்டி. மிஷின் சொல்லுது. அவங்க மிஷின் சொன்னதப் பாத்துச் சொல்லுதாங்க. ஒருத்தர்கூட இன்னும் கோட்டப் பாக்கல."

ஒரு நாள் டாக்டர் வழக்கத்துக்கு முன்னால் மூன்று மணிக்கே வந்துவிட்டார். திரையில் கோடு.

"யாரு ஈசிஜி இது?"

"பேஷண்ட் இல்ல சார். நட்சத்திரம்."

"என்ன நட்சத்திரம்? ரோகிணியா, கார்த்திகையா?" ஹுஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். சுகிர்தம் பொறுமையாக விளக்கினாள். டாக்டர் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "கிரகம் பாக்கதுக்கு ஊருல ஜோசியர் இருக்காரு. நீ பேஷண்டப் பாரு. இனிமே இந்தக் கம்ப்யூட்டர்ல இதெல்லாம் கூடாது."

"என்னிக்காவது ரிப்போர்ட் லேட்டாச்சா சார்? ஒரு நாள் சொல்லுங்க."

"அது இல்ல கேள்வி. இது என் சென்டர்."

"சரி சார். கம்ப்யூட்டர் உங்களுது. கண்ணு என்னுது," என்று சொல்லிவிட்டு அவள் திரையை மூடினாள். மகள் முன்பு வைத்திருந்த பழைய லேப்டாப்பை எபனேசர் பாவூர்சத்திரத்தில் கொடுத்துச் சரிசெய்து கொண்டுவந்தார். அதற்குப் பிறகு காலை ஐந்திலிருந்து ஏழேகால் வரை, பஸ்ஸுக்குக் கிளம்புமுன், வீட்டில் பார்த்தாள்.

இதற்குள் சுகிர்தம் கிரகம் பார்க்கிறாள் என்று கீழப்பாவூர் முழுக்கப் பரவிவிட்டது. தெருக்கோடி மாடன் தன் மகளின் ஜாதகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிய வாரமே, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபை மூப்பர் வழிமறித்தார்.

"கிரகம் பாக்கது விசுவாசிக்கு அடுக்குமா தாயி?"

"நான் பாக்குத கிரகம் யாரையும் பிடிக்காது ஐயா. அது பாட்டுக்குச் சுத்துது. கர்த்தர் படைச்சதத்தான் எண்ணிப் பாக்கேன். எண்ணக் கூடாதுன்னு எந்த வசனத்துல இருக்கு, சொல்லுங்க, விட்டுருதேன்."

மூப்பர் அடுத்த ஞாயிறு சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

விவாதப் பக்கத்தை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும், அவள் வேறு வழியில் போனாள். கோள்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கட்டுரையின் அடியிலேயே இருக்கும். இருபத்தேழு பேருக்கு எழுதினாள். இருபத்தாறு பேரிடமிருந்து பதில் இல்லை. இருபத்தேழாவது ஆள் ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற மார்த்தா. அவள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'உங்கள் ஏழாவது பள்ளத்தைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு ஆர்வமாக இருக்கிறது.'

சுகிர்தத்துக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம் வந்தது. "பத்து வேணுமாம், ஒண்ணு வேண்டாமாம். ஏழாவதுல என்ன குறைன்னு சொல்லச் சொல்லுதேன்."

மார்த்தா சொன்னாள். அந்த எட்டு மணி நேரத்தில், அதே மூலையிலிருந்த வேறு நாற்பது நட்சத்திரங்களின் ஒளியும் அதே அளவு குறைந்திருக்கிறது. நாற்பது நட்சத்திரங்களுக்கு முன்னால் ஒரே நேரத்தில் கோள் வராது. அது தொலைநோக்கியின் தடுமாற்றம். சுகிர்தம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் சண்டை போட்டாள். தினமும் காலையில் ஒரு கடிதம், மாலையில் அதற்குப் பதில். எட்டாம் நாள் அந்த நாற்பது நட்சத்திரங்களின் கோடுகளையும் தானே இறக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாற்பதிலும் பள்ளம் இருந்தது.

"முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்திச்சு அண்ணாச்சி," என்று என்னிடம் சொன்னாள். "பத்தொம்பது வருசமா, லீட் கழண்டா எனக்குத் தெரியும்னு பேசிக்கிட்டுத் திரியுதேன். இங்கன லீட் கழண்டிருக்கு, எனக்குத் தெரியல."

'நீங்கள் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு' என்று மார்த்தாவுக்கு எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஏழாவது பொய் என்றால் உண்மையான ஏழாவது எங்கே என்ற கேள்வி அவளைத் தூங்க விடவில்லை. மற்ற பத்துப் பள்ளங்களும் எத்தனை மணி நேரம் முந்தின, பிந்தின என்று ஒரு கிராஃப் தாளில் புள்ளி வைத்தாள். புள்ளிகளைப் பேனாவால் இணைத்தபோது கை நின்றது. தாமதத்திலேயே ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் முந்தி, பிறகு சரியான நேரத்துக்கு வந்து, பிறகு பிந்தி, மறுபடி முந்தி, ஏறத்தாழ இரண்டரை வருஷத்துக்கு ஓர் அலை. பொய்யான ஏழாவது மட்டும் அந்த அலைக்கு வெளியே கிடந்தது. அலை போகிற போக்கில் உண்மையான ஏழாவது அதற்கு இருபத்திரண்டு மணி நேரம் கழித்து வர வேண்டும்.

தரையில் சுருளை விரித்தாள். அந்த இடத்தில் தாள் வெறுமையாக இருந்தது. தொலைநோக்கி குறிப்புகளைப் பூமிக்கு அனுப்புவதற்காக அவ்வப்போது பார்ப்பதை நிறுத்தும். அப்படி நிறுத்திய இடைவெளி அது. ஆனால் வெறுமை தொடங்குவதற்குச் சற்று முன்னால், கடைசி நாலு புள்ளிகள் ஒன்றைவிட ஒன்று கீழே இறங்கியிருந்தன. பள்ளத்தின் வாய். ஓரத்துப் புள்ளிகள் நம்பகமில்லாதவை என்று கம்ப்யூட்டர்கள் வெட்டி எறிந்துவிடுவது வழக்கம். அதனால் யார் கண்ணிலும் அவை படவில்லை.

நாலு புள்ளிகளையும் வட்டமிட்டுப் படமெடுத்து மார்த்தாவுக்கு அனுப்பினாள். 'அந்த ஏழு பொய். என் ஏழு இதோ.'

அன்றைக்கு மதியமே மார்த்தாவிடமிருந்து போன் வந்தது. சுகிர்தம் ஒரு நோயாளிக்குக் குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை. ரிப்போர்ட் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் எடுத்தாள். மார்த்தாவின் குரல் அவசரமாக இருந்தது. அந்த அலை அப்படி ஏறி இறங்கக் காரணம், அங்கே இன்னொரு கோள் இருப்பதுதான். அது நமக்குக் குறுக்கே வராததால் பள்ளம் போடுவதில்லை. ஆனால் பக்கத்தில் வரும்போதெல்லாம் முதல் கோளைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால்தான் அது சிலமுறை முந்துகிறது, சிலமுறை பிந்துகிறது. கம்ப்யூட்டர் எதைக் காரணம் காட்டிக் கோள் இல்லை என்றதோ, அந்தத் தாமதம்தான் இரண்டாவது கோளுக்குச் சாட்சி. முதல் கோள் பூமியைப்போல ஐந்து மடங்கு அகலம். இரண்டாவது அதைவிடப் பெரியது.

"ரெண்டா?" என்றாள் சுகிர்தம்.

"ரெண்டு," என்றாள் மார்த்தா.

சுகிர்தம் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள் என்று ஹுஸ்னா சொல்கிறாள். சுகிர்தம் அதை மறுக்கிறாள்.

கணக்குகளைச் சரிபார்த்துக் கட்டுரை எழுதி முடிக்க ஒரு வருஷம் ஆனது. பத்திரிகைக்கு அனுப்பும்போது புதிதாக ஒரு வில்லங்கம் வந்தது. ஆசிரியர்களின் பெயரை நிரப்பும் படிவத்தில் இரண்டு கட்டம். முதல் பெயர், குடும்பப் பெயர். இரண்டாவதைக் காலியாக விட்டால் படிவம் நகரவில்லை. மார்த்தா யோசனை சொன்னாள்: அப்பா பெயரையோ கணவர் பெயரையோ போட்டுவிடலாமே.

"என் பேரப் போட்டுக்கோயேன், எனக்கும் பெருமைதான்," என்றார் எபனேசர்.

"உங்க பேரு ரேஷன் கார்டுல இருக்கு, சபை ரிஜிஸ்டர்ல இருக்கு, கேஸ் புக்குல இருக்கு. இது நான் பாத்த கோடு. சுகிர்தம்னு ஒரு பேரோடதான் பாத்தேன்."

"அதுவும் சரிதான்," என்றார் எபனேசர். சுகிர்தம் பத்திரிகைக்கு நேரடியாக எழுதினாள். எங்கள் ஊரில் ஓர் ஆளுக்கு ஒரு பெயர்தான், உங்கள் படிவத்துக்காக நான் இரண்டு ஆளாக முடியாது என்று. மூன்று வாரம் கடிதம் போய் வந்தது. பெயரையே இரண்டு தடவை போடுங்கள் என்றார்கள். முடியாது என்றாள். ஒரு புள்ளி வையுங்கள் என்றார்கள். "என் பேருல புள்ளி கிடையாது" என்றாள். கடைசியில் அவர்களே படிவத்தைத் தாண்டிப் பெயரை உள்ளே சேர்த்தார்கள்.

அடுத்த கட்டம், நிறுவனம். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆய்வகம்? ஹுஸ்னா மூலம் இது டாக்டர் காதுக்குப் போனது. அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நம்ம சென்டர் பேரப் போட்டுரு சுகிர்தம். ஒனக்கும் மதிப்பு, எனக்கும் மதிப்பு."

"நட்சத்திரத்த இங்கன பாக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

"அது அப்ப சொன்னது."

"நான் பாத்ததும் அப்பதான சார்."

கட்டுரையில் அவள் பெயருக்கு நேரே 'கீழப்பாவூர், தென்காசி மாவட்டம், இந்தியா' என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. உடன் எழுதிய மற்ற ஆறு பேருக்கும் மூன்று வரி, நாலு வரி நிறுவனம்.

கட்டுரை வெளிவந்ததும் ஒரு தொலைக்காட்சியிலிருந்து இரண்டு பேர் சென்டருக்கு வந்தார்கள். சீசன் நேரம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு டெலஸ்கோப்பையும் தூக்கி வந்திருந்தார்கள். குற்றாலத்துக்குப் போய், பின்னால் அருவி விழ, சுகிர்தம் டெலஸ்கோப்பில் கண் வைத்து வானத்தைப் பார்ப்பதுபோல எடுக்க வேண்டும் என்றார்கள்.

"இந்த மேகத்துல நிலாவே தெரியாது தம்பி. அது போக, நான் டெலஸ்கோப்ல பாத்ததே இல்ல. பாக்காதத எப்படிப் பாத்த மாதிரி நிக்க? நான் பாத்தது கோடு. வேணும்னா இதை எடுங்க," என்று பையிலிருந்து சுருளையும் டிவைடரையும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

டாக்டர் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். அவரது பெயர்ப்பலகை பின்னால் தெரியும்படி கேமராவை நகர்த்தச் சொன்னார். நிருபர் கேட்டார்: "இந்தக் கண்டுபிடிப்புக்கு உங்க சென்டர் எப்படி ஊக்கம் கொடுத்துச்சு?"

சுகிர்தம் கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "இங்கன பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் வீட்ல போயிப் பாத்தேன்."

கேமராக்காரர் சிரித்தேவிட்டார். டாக்டர் கோட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

ஒளிபரப்பியபோது அந்த வரியை வெட்டிவிட்டார்கள். ஆனால் அன்று மாலை டாக்டர் அவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"எழுத்துல குடுங்க சார். என்ன காரணம்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போயிருதேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார். தாளைப் பார்த்தார். என்ன காரணம் எழுதுவது? பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சுகிர்தம் எப்போதும்போல ஷட்டரைத் திறந்தாள். நாற்பது நாள் டாக்டர் அவளோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் ஹுஸ்னாவிடம் சொல்வார். ஹுஸ்னா இரண்டடி தள்ளி நிற்கும் சுகிர்தத்திடம் திரும்பிச் சொல்வாள். நாற்பத்தோராம் நாள் சிவகிரியிலிருந்து ஒரு கேஸ் வந்தது. துடிப்பு ஒழுங்கில்லாமல் குதித்தது. டாக்டர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாமே வெளியே வந்தார்.

"இந்த மூணாவது துடிப்பப் பாரு. இது நிஜமா, அசைவா?"

"நிஜம் சார். ரெண்டு தடவ எடுத்துட்டேன்."

அந்த ஆளை உடனே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. சுகிர்தமும் கேட்கவில்லை. இருவரும் இப்போது சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள்.

போன வாரம் பி.பி. பார்க்கப் போயிருந்தேன். சுகிர்தத்தின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்ன விஷயம் என்று கேட்டேன். புதிதாக ஒரு நட்சத்திரம், ஐந்து பள்ளம் கிடைத்திருக்கிறது. மார்த்தாவுக்கு அனுப்பினாளாம்.

"இந்தத் தடவ மார்த்தாவே இல்லைங்கா, அண்ணாச்சி. ரெண்டு நட்சத்திரம் ஒண்ண ஒண்ணு மறைக்குது, கோள் இல்லைங்கா."

"நீ என்ன சொல்லுத?"

"நான் இன்னும் பாத்து முடிக்கல. பாத்து முடிச்சு, இல்லன்னு தெரிஞ்சா, இல்லன்னு நானே சொல்லுவேன். அவ சொல்லிட்டாங்கிறதுக்காகச் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே என் கையில் பட்டையைச் சுற்றி, பம்ப்பை அழுத்தத் தொடங்கினாள்.